ஐம்பத்தைந்துக்குக் கீழே

அனுசுயா மொபெட்டின் நடுவில் உட்கார்ந்து, கையிலிருந்த டம்ளரில் எச்சில் துப்பிக்கொண்டே வந்தாள். வாயில் புளிப்பு மிட்டாய். மிட்டாயைச் சப்பினால் எச்சில் ஊறும், ஊறியதை விழுங்காமல் துப்பிவிட்டால் எடை குறையும் என்று அவள் அப்பா சசிகுமார் யூடியூபில் பார்த்திருந்தான். சொன்னவன் யாரோ வடக்கத்தி மல்யுத்தக்காரன். சசிகுமாருக்கு இந்தி தெரியாது, ஆனாலும் எல்லாம் புரிந்துவிட்டது என்றான். பின்னால் உட்கார்ந்திருந்த நிர்மலாவுக்கு மகளின் கழுத்து மட்டும்தான் தெரிந்தது. நேற்று மதியத்திலிருந்து பிள்ளை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஒவ்வொரு தடவை துப்பும்போதும் அந்தக் கழுத்து நரம்பு புடைத்து முன்னால் போய்வந்தது. துப்புவதற்கு இன்னும் உள்ளே என்ன இருக்கிறது என்று நிர்மலா நினைத்துக்கொண்டாள்.

மதியம் மாவட்ட சப்ஜூனியர் கபடி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். வயது பதினாறுக்குள் இருக்க வேண்டும், எடை ஐம்பத்தைந்து கிலோவுக்குள் இருக்க வேண்டும். வயதுக்குப் பிரச்சினையில்லை. எடைதான் நேற்று அரிசிக்கடைத் தராசில் ஐம்பத்தேழைத் தொட்டுக்கொண்டு நின்றது. பதினைந்து வயதில் பிள்ளை வளரத்தானே செய்யும். தீபாவளிக்குத் தைத்த சுடிதார் பேன்ட் இப்போது கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. வேறு ஒரு அப்பனாக இருந்தால் மகளின் வளர்த்தியைப் பார்த்துப் பூரித்துப் போயிருப்பான். சசிகுமார், தனக்குத் தெரியாமல் வீட்டுக்குள் யாரோ ஏதோ சதி செய்துவிட்ட மாதிரி எடுத்துக்கொண்டான்.

இத்தனைக்கும் அவன் கபடி ஆடியவனே இல்லை. மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். கபடி என்றால் டிவியில் பார்ப்பதுதான். அனுசுயா ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர், "பாப்பாவுக்குக் கால் நல்ல வேகமுங்க" என்று சொல்லித் தொலைத்தார். அவர் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இவன் அதிலேயே நின்றுவிட்டான். மாவட்டம், மாநிலம், இந்தியா, அப்புறம் விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வே வேலை. ஈரோட்டில் மகளுக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கினால் மாடியில் கேட்பதா, தரைத்தளத்தில் கேட்பதா என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தான். தரைத்தளம் என்று முடிவாகியிருந்தது. படி ஏறினால் முட்டி தேய்ந்துவிடுமாம்.

அன்பில்லாதவன் என்று அவனைச் சொன்னால் சொன்ன நாக்கு அழுகிவிடும். விடிகாலையில் மகளை மைதானத்தில் இறக்கிவிட்டு, துண்டை மடியில் வைத்துக்கொண்டு சுற்றுச்சுவரில் காத்திருப்பான். அவள் முட்டியில் சிராய்த்துக்கொண்டு வந்தால் இவன் முகம் சுருங்கும். பாதாம் ஊறவைப்பது, முட்டை அவிப்பது எல்லாம் அவன் வேலைதான். நிர்மலாவின் கஷ்டமே அதுதான். குடித்துவிட்டு வருகிறவனாக இருந்தால் எதிர்த்து நின்று சண்டை போட்டிருப்பாள். பிள்ளைக்காக உயிரை விடுகிறவனிடம் என்னவென்று சண்டை போடுவது?

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் முனீஸ் எழுந்து வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன்.

"என்னண்ணே, லீவு நாள்லயுமா பாய்லரு?"

"கொஞ்சம் பீஸ் பெண்டிங் கெடக்குதுங்க முனீஸு. மேனேஜர்கிட்ட சொல்லிட்டனுங்க."

முனீஸ் அனுசுயாவைப் பார்த்துச் சிரித்தான். "பாப்பா இன்னைக்கு செலக்ட் ஆயிரும்லா? டிவில வரும்போது நம்ம கம்பெனி பேரச் சொல்லணும், என்னா?"

அனுசுயா வாயில் எச்சிலை வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

அயர்ன் செக்ஷனின் ஜன்னல்களை எல்லாம் சசிகுமார் சாத்தினான். சின்ன பாய்லர்தான், விறகு போட்டால் சீக்கிரம் சூடு ஏறிவிடும். ஏறியதும் நீராவிக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டான். புஸ்ஸென்று வெள்ளைப்புகை கிளம்பி அயர்ன் டேபிள்களை மூடியது. டீ-ஷர்ட் பெட்டிக்குள் போடுகிற பெரிய பாலித்தீன் கவரில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மகளுக்கு மாட்டினான். அதற்குமேல் மழைக்கோட்டு. அதற்கும்மேல், கலர் மாறிப்போய் அமெரிக்காவுக்குப் போகாமல் நின்றுவிட்ட தடித்த குல்லாச் சட்டை. கழுத்துப் பக்கம் கவர் உறுத்துகிறதா என்று விரலை விட்டுப் பார்த்து, உறுத்திய இடத்தைக் கத்தரியால் வளைவாக வெட்டிக்கொடுத்தான்.

"ஏனுங்க," என்றாள் நிர்மலா. "இதெல்லாம் வேண்டாமுங்க. புள்ளைக்கு நாள் நெருங்குது. அந்நேரத்துல ஒடம்பு நீர் கோத்துக்கும். நாலு நாள் போனா தானா எறங்கீருமுங்க."

சசிகுமார் கூச்சப்பட்டுக்கொண்டு பாய்லரின் மீட்டரைப் பார்த்தான். "அதத்தான் புள்ள நானும் சொல்றேன். நீருதான். டையிங்ல இருந்து துணி ஈரத்தோட வந்தா எடை கூட நிக்குதா இல்லியா? காயவெச்சா எறங்கீருது. துணி அதே துணிதான? அதுல என்ன கொறஞ்சு போச்சு?"

காய்ந்தால் துணி சுருங்கும் என்பதும் அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். அதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று நிர்மலாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவளும் அதே கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். டேபிளில் எதிரே நிற்கிற விஜயகுமாரி, தன் மகன் நீட் கோச்சிங் போவதைப் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம், "எங்க அனு ஸ்டேட் ஆடப்போறா" என்று இவளும் சொல்லியிருக்கிறாள். ஆடப்போகிறாள் என்றுதான் சொன்னாளே தவிர, ஆடலாம் என்று சொன்னதில்லை.

அனுசுயா டேபிள்களைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள். புகைக்குள் ஆள் தெரியவில்லை. பாலித்தீன் சரசரப்பும் மூச்சும்தான் கேட்டன. ஒவ்வொரு சுற்றிலும் இந்தப் பக்கம் வரும்போது முகம் தெரியும், மறுபடியும் மறைந்துவிடும். ஆயிரம் பீஸுக்கு நடுவில் ஒரு ஊசி ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண் நிர்மலாவுடையது. அந்தக் கண்ணை இப்போது மூடிக்கொள்ளத் தோன்றியது. மகளின் உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. கொஞ்ச நேரம் ஆனதும் அவளை நிறுத்தி நெற்றியைத் துடைத்த நிர்மலாவுக்குத் துண்டில் ஈரமே படவில்லை. புகையில் நின்றுகொண்டிருந்த இவளுக்கே முதுகு நனைந்து ஒழுகுகிறது. ஓடுகிற பிள்ளைக்கு நெற்றி காய்ந்து, தொட்டால் சுட்டது.

"வேர்வை நின்னு போச்சுங்க. போதுமுங்க."

"நின்னு போச்சுன்னா தண்ணி எறங்கீருச்சுன்னு அர்த்தம். வா கண்ணு, பாத்தர்லாம்."

பேக்கிங் பக்கம் அட்டைப்பெட்டி எடை போடுகிற தராசு இருந்தது. தரையோடு பலகை, முன்னால் கம்பத்தில் சிவப்பு எண்கள். குல்லாச் சட்டையையும் மழைக்கோட்டையும் கவரையும் கழற்றிவிட்டு அனுசுயா ஏறினாள். சசிகுமார் எண்களுக்கு முன்னால் குந்தினான். அவன் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தான்.

மகளுக்குப் பின்னால் நின்ற நிர்மலாவுக்கு எண் தெரிந்தது. ஓடி ஓடி ஐம்பத்து நாலு கிலோ தொள்ளாயிரத்தில் வந்து நின்றது. அவன் இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். போட்டுக்கொண்டால் பார்த்துவிடுவான். பார்த்துவிட்டால் மொபெட்டைக் கிளப்பி நேராக மைதானம்தான். இந்த உடம்போடு பிள்ளை பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போகும். அந்தப் பக்கம் ஏழு பேர் சேர்ந்து அமுக்குவார்கள். கட்டிங் வேஸ்ட் எடுக்க வருகிற வியாபாரி இதே தராசில் மூட்டையை ஏற்றிவிட்டு, யாரும் பார்க்காதபோது முழங்காலால் லேசாகத் தூக்கிக் கொடுப்பதை நிர்மலா கண்டிருக்கிறாள். அவளுக்குத் தூக்க வேண்டியதில்லை, அழுத்தினால் போதும். வலது காலின் பெருவிரலைப் பலகை ஓரத்தில் வைத்தாள்.

சசிகுமார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தான். ஐம்பத்தைந்து அறுநூறு.

அனுசுயா குனிந்து அம்மாவின் காலைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். 

 சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சசிகுமார் சொல்வான் என நிர்மலா காத்திருந்தாள். இத்தனை வருஷம் அவனோடு குடும்பம் நடத்தியும் அவனைத் தெரிந்துகொள்ளாமல் போனாளே.

"இன்னும் ஒரே ஒரு ரவுண்டு கண்ணு," என்றான். குரல் கெஞ்சியது. "அறுநூறு கிராம்தான். அப்பா ஸ்டீமை நல்லா தெறந்து உடறேன். சட்டுனு எறங்கீரும்."

அவன் விறகை அள்ளிக்கொண்டு பாய்லர் பக்கம் ஓடினான். நிர்மலா பெருவிரலைப் பலகையிலிருந்து எடுத்தாள். காலை வைத்ததைச் சொன்னால் மைதானம், சொல்லாவிட்டால் புகை. நல்லது செய்வதாக நினைத்துப் பிள்ளையை இவளே கையைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அதற்குள் அனுசுயா மழைக்கோட்டைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு புகைக்குள் போய்விட்டாள்.

போன் அடித்தது. பி.டி. மாஸ்டர். "பன்னெண்டு மணிக்கா எடை எடுக்கறாங்க? வந்துட்டே இருக்கறமுங்க சார்," என்று சசிகுமார் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் அடங்கியபோது உள்ளே இருந்த சரசரப்பும் நின்றுபோயிருந்தது.

நிர்மலா கூடையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு புகைக்குள் ஓடினாள். கையால் டேபிள்களைத் தடவிக்கொண்டே போனாள். கடைசி டேபிளுக்கு அடியில் அனுசுயா முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிர்மலா பாட்டிலைத் திறந்து மகளின் வாயில் வைத்தாள். பிள்ளை ஒரு வாய் வாங்கி, விழுங்காமல், கண்ணால் டம்ளரைத் தேடினாள். பழக்கம். பிறகு விழுங்கினாள். விழுங்கியதும் இருமல் வந்தது.

"எந்திரி கண்ணு. அப்பாகிட்ட நாஞ் சொல்றேன். கால வெச்சது நாந்தான்னு சொல்லீர்றேன்."

"சொல்லாதீங்கம்மா." குரலே இல்லை, காற்றுதான் வந்தது. "அடுத்த தடவையும் வெய்ங்க."

நிர்மலாவுக்குப் புரியவில்லை. "கபடி புடிக்கலையா கண்ணு ஒனக்கு?"

"புடிக்குமுங்கம்மா." அனுசுயா தலையை முட்டியில் வைத்துக்கொண்டாள். "இன்னிக்குத் தேறிட்டா அடுத்த மாசம் ஸ்டேட்டுக்கும் இதேதானுங்களே. அப்பறம் அதுக்கு மேலயும். நான் வளந்துட்டேதான இருப்பேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நானா வேண்டாம்னா அப்பா அழுகும்மா. எடை எறங்கலைன்னா அழுகாது," என்றாள்.

பிள்ளை புகைக்குள் ஓடியது இதற்காகத்தான். அப்பன் அழக்கூடாது என்பதற்காக, தான் ஏற்கெனவே தேறிவிட்டது தெரிந்தே மறுபடியும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறாள்.  நிர்மலா மகளின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். கன்னம் இன்னும் சுட்டது.

"கண்ணு, வா, நேரமாச்சு!" வெளியிலிருந்து சசிகுமார் கூப்பிட்டான்.

அனுசுயா எழுந்தாள். டேபிள் விளிம்பைப் பிடித்துப் பிடித்து வந்தாள். தராசுக்கு முன்னால் சசிகுமார் தயாராகக் குந்தியிருந்தான். கண்ணாடியை இந்த முறை முன்னாலேயே துடைத்து வைத்திருந்தான். கழற்றிய மழைக்கோட்டை வாங்கி, கசங்காமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டான். பிள்ளை பலகையில் ஏறியபோது உடம்பு லேசாக ஆடியது.

"ஆடாத கண்ணு. ஒரு செகண்டு மூச்சப் புடிச்சு நில்லு."

அனுசுயா மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் கீழே இறக்கி அம்மாவின் பாதத்தைப் பார்த்தாள். நிர்மலா செருப்பைக் கழற்றினாள். விரலை வைத்தால் இன்னொரு ரவுண்டு என்பான். வைக்காவிட்டால் மொபெட் சாவியை எடுப்பான். அவள் இரண்டு காலையும் பலகைமேல் வைத்து ஏறி, மகளைப் பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"ஏ புள்ள, நீ எதுக்கு ஏறுன? எறங்கு, வெயிட்டு தெரியல."

"போன தடவ ஒரு வெரல வெச்சிருந்தனுங்க," என்றாள் நிர்மலா. அவளுக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது. "அப்பவே அவ தேறிட்டா. இப்ப ரெண்டு காலையும் வெச்சிருக்கேன். நான் எறங்க மாட்டேனுங்க."

 சசிகுமார் மனைவியின் காலைப் பார்த்தான், மகளின் முகத்தைப் பார்த்தான். என்ன கேட்பதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றையே பார்க்கிறவனாகத் திரும்பவும் எண்களைப் பார்த்தான். போன் மறுபடியும் அடித்தது. அவன் எடுக்கவில்லை. அனுசுயா பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். விட்டதும் தேம்பல் வந்துவிட்டது. அம்மாவின் கைக்குள் தோள் குலுங்க அழுதாள். நூறைத் தாண்டி ஏறியிருந்த சிவப்பு எண், அவள் குலுங்கக் குலுங்க ஏறுவதும் இறங்குவதுமாக ஓடிக்கொண்டே இருந்தது. சசிகுமார் மழைக்கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அது எங்கேயாவது வந்து நிற்கட்டும் என்று அதன் முன்னாலேயே குந்தியிருந்தான்.