பழுப்பு அட்டைக்குச் சாட்சி

நகராட்சி அலுவலகத்தில் மூன்றாம் எண் ஜன்னலுக்குப் பின்னால் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலோடு சரி. ஊருக்கு அவள் ரெஜிஸ்டர் அக்கா. அவள் மேஜையில் மூன்று பதிவேடுகள் இருந்தன. நீல அட்டை போட்டது ஒன்று, மஞ்சள் அட்டை போட்டது ஒன்று, பழுப்பு அட்டை போட்டது ஒன்று. ஓட்டுப் போடும் வயது வந்த எவரும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கியாக வேண்டும். ஊரின் இரண்டு பெரிய இனங்களுக்கு நீலமும் மஞ்சளும். இரண்டிலும் ஒட்டாத சின்னக் கூட்டங்களும், கலந்து பிறந்தவர்களும், இனம் என்ற இடத்தில் 'மனிதன்' என்று எழுதிவிட்டுப் போகிற ஒன்றிரண்டு கிறுக்கர்களும் பழுப்பில். சட்டத்தில் அதற்கு 'மற்றவர்கள்' என்று பெயர்.

ஒரு காலத்தில் இரண்டு இனமும் வெட்டிக்கொண்டு செத்த பிறகு பெரிய மனிதர்கள் கூடிச் செய்த ஏற்பாடு இது. மன்றத்தில் நீலத்துக்குப் பத்து இடம், மஞ்சளுக்குப் பத்து இடம், மற்றவர்களுக்கு ஒன்று. பத்தும் பத்தும் முட்டிக்கொண்டு நிற்கையில் அந்த ஒற்றைக் கை எந்தப் பக்கம் தூக்குகிறதோ அந்தப் பக்கம் காரியம் நடக்கும். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. இருபது வருஷமாக அந்த நாற்காலியில் இருந்த கிழவர், யார் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்களோ அவர்களுக்குக் கை தூக்கிவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போய்விடுவார். போன மழைக்காலத்தில் அவர் செத்துப்போனார். அந்த இடத்துக்கு நிற்கப் போவதாக அக்காவின் தம்பி கிளம்பினான்.

தம்பிக்கு ஊர் வைத்த பெயர் குழாய். குழாய் வேலைதான் அவன் பிழைப்பு. நீலத் தெருக்களுக்கும் மஞ்சள் தெருக்களுக்கும் பாதிக் குழாய் அவன் பதித்தது. அவன் குடியிருக்கும் தகரத் தெருவில் மட்டும் ஒரு குழாயும் கிடையாது. மேற்கேயிருந்து வந்த நீலத்தார் லைன் தெருமுனையில் நின்றது, கிழக்கேயிருந்து வந்த மஞ்சளார் லைன் மறுமுனையில் நின்றது. நடுவில் நாற்பத்திரண்டு வீடு, எல்லாம் பழுப்பு. வாரத்துக்கு இரண்டு முறை லாரி வரும். தம்பி மனைவிக்கு முதுகுத்தண்டில் சவ்வு பிதுங்கியிருந்தது. தண்ணீர்க் குடம் தூக்கினால் கால் விளங்காமல் போகும் என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். தம்பி வேலைக்குப் போன நேரத்தில் லாரி வந்தால் அவள் என்ன செய்வாள்? தூக்குவாள்.

"பத்துக்குப் பத்து நிக்கும்போது என் கைதான்க்கா தராசு முள்ளு," என்றான் தம்பி. "முதல்ல எங்க தெருவுக்கு லைன். அப்புறம்தான் கை தூக்குவேன். எனக்கு வேற எதுவும் வேணாம்."

"பதவி வந்தா எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க," என்று அக்கா சிரித்தாள். ஆனால் மனசுக்குள் அவளுக்கு ஆசை துளிர்த்துவிட்டது. பழுப்பில் இருப்பதே அறுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. தகரத் தெரு நீங்கலாக, அதில் தம்பி கை படாத வீட்டுக் குழாய் எதுவும் இல்லை. யார் எதிர்த்து நிற்கப் போகிறார்கள்?

அவள் மட்டும் அவனுக்கு ஓட்டுப் போட முடியாது. அவள் நீலத்தானைக் கட்டியவள், மனைவி கணவனின் பதிவேட்டுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். கல்யாணமாகி வேலைக்குத் திரும்பிய அன்று அவளே தன் பெயரைப் பழுப்பில் அடித்து, அவளே நீலத்தில் எழுதினாள். அன்றைக்குப் பேனா கசிந்தது என்று சொல்லிக் கைகழுவப் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள்.

வருஷத்தில் ஒரு மாதம் பதிவேடு மாறிக்கொள்ளலாம். அதை ஜன்னல் மாதம் என்பார்கள். மாறுவதற்குப் பெரிய விதி எதுவும் இல்லை. ஒரு படிவம், சேரப்போகும் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து. 'இவர் எங்களில் ஒருவர்' என்று அவர் போட்டுக் கொடுத்தால் முடிந்தது. இத்தனை வருஷமாகப் பழுப்பிலிருந்து வெளியே போனவர்களைத்தான் அக்கா பார்த்திருக்கிறாள், வேலைக்காக, வீட்டுக்காக, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காக. உள்ளே வந்தவர் எவரும் இல்லை.

அந்த வருஷம் வந்தார்கள். முதல் நாள் ஏழு பேர், மறுநாள் முப்பது. நீலத்திலிருந்தும் மஞ்சளிலிருந்தும் ஆணும் பெண்ணுமாக வந்து, "எங்களை மற்றவர்கள்ல சேர்த்துக்கங்க" என்று வரிசையில் நின்றார்கள். அலுவலகமே எழுந்து வேடிக்கை பார்த்தது.

சாட்சிக்கு ஆள் வேண்டுமே. தம்பி வேலையை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே இருந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். வந்தவர்கள் அவனிடம் கதை சொன்னார்கள். ஒருத்தி, தன் மகன் மஞ்சள் பெண்ணை விரும்புவதாகச் சொன்னாள். ஒருவன், அரிவாளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்றான். நாலாம் நாள் மரக்கடை முதலாளியே வந்தார். நீலத்தில் அவரைவிடப் பெரிய கை கிடையாது, அக்காவின் கணவர் கணக்கு எழுதுவது அவர் கடையில்தான். அவர் தம்பியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பாவை அவங்க வெட்டினாங்க, நாங்க அவங்களை வெட்டினோம். போதும் தம்பி. சாகுறதுக்குள்ள மனுஷனா இருந்து பார்க்கணும்."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. தம்பிக்கு ஓடியது. எழுந்து நின்று கையெழுத்துப் போட்டான். அன்று மாலை பேனா பிடித்த விரலில் துணி சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து, "நூத்தி இருபது பேரு அக்கா, இன்னிக்கு மட்டும்! ஊரு திருந்திடுச்சு," என்றான். அவளும் நம்பினாள். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பதிவு எழுதினாள். இருபது வருஷத்தில் இந்த ஊரைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டது அந்த எட்டு நாள்தான்.

ஒன்பதாம் நாள் படிவங்களை அடுக்கும்போது கையில் குண்டூசி குத்தியது. விரலைச் சூப்பிக்கொண்டே பார்த்தாள். படிவத்தோடு அடையாளச் சான்றை இணைத்துக் குத்த வேண்டும். ஊர் உலகத்தில் எல்லாரும் இடது மூலையில் குத்துவார்கள். இந்தப் படிவத்தில் வலது மூலையில் குத்தியிருந்தது. அடுத்ததிலும் வலது மூலை. அதற்கடுத்ததிலும்.

வலது மூலையில் குத்துகிற ஒரு மனிதரோடு அவள் பதினாலு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள். அவர் இடதுகைக்காரர். கரண்ட் பில், பள்ளிக்கூட ரசீது எல்லாவற்றையும் வலது மூலையில் குத்திவைப்பார், அவள் பிடுங்கி இடது மூலையில் குத்துவாள். அதுதான் அவர்கள் வீட்டுச் சண்டை. முந்நூறு படிவங்களைப் புரட்டினாள். கோணல்மாணலாக இடது மூலையில் குத்தியது நாலைந்துதான். எட்டு நாளாகப் பெயரை மட்டும் பார்த்துப் பதிந்த அவசரத்தில் கவனிக்காத எழுத்தும் இப்போது தெரிந்தது, அவருடைய முத்து முத்தான எழுத்து.

இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள். "என்னங்க, அந்தப் படிவமெல்லாம் நீங்களா எழுதினீங்க?"

கணவர் தலை தூக்கவில்லை. நல்ல மனிதர், அவள் மேல் ஒரு நாளும் கைநீட்டியதில்லை. "முதலாளி எழுதச் சொன்னார், எழுதினேன். பாதி எங்க ஆளுங்க, பாதி மஞ்சள் கட்சி அனுப்புற ஆளுங்க. ரெண்டு கட்சியும் பேசி முடிச்சிட்டாங்க. அந்த ஒரு சீட்டு ரெண்டரை வருஷம் இவங்களுக்கு, ரெண்டரை வருஷம் அவங்களுக்கு."

"குடிக்கத் தண்ணி கேட்டா அடிச்சிக்கிறவங்க, இதுக்கு மட்டும் ஒண்ணு சேர்ந்துட்டாங்களா?"

"உன் தம்பி கையில தராசைக் குடுக்க ரெண்டு பேருக்குமே மனசில்ல. நான் சொன்னேன்னு வெளியே வந்தா என் வேலை போயிடும். அது மட்டும் ஞாபகம் வச்சுக்க."

மறுநாள் அவள் பெஞ்சில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, அடிக்குரலில், இனிமேல் கையெழுத்துப் போடாதே என்றாள்.

"ஏன்?"

"வர்றவங்க நிஜமா வரல. உன்னைத் தோற்கடிக்க வர்றாங்க."

"யாரு சொன்னா?"

கணவர் என்று சொன்னால் அவன் நேரே மரக்கடைக்குப் போய்க் கத்துவான், அவர் வேலை போய்விடும். பெஞ்சில் காத்திருந்தவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி அவள் முகத்தையே பார்த்தான். அவன் அப்படிப் பார்த்து அவள் கண்டதில்லை.

"நீ நீலம்க்கா," என்றான். "எங்க பக்கம் ஆள் சேருறது உனக்கு வயித்தெரிச்சல். சொல்றதுக்கு வெக்கம், அதான் யாரு சொன்னான்னு சொல்ல மாட்டேங்கிற."

தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. எழுந்து ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, அடுத்த படிவத்தை வாங்கினாள். அதிலும் தம்பியின் கையெழுத்து. முத்திரை குத்தினாள்.

மனுத் தாக்கலின் கடைசி நாள், கடைசி அரைமணியில், மரக்கடை முதலாளி மற்றவர்கள் இடத்துக்கு மனுப் போட்டார். தம்பி அப்போதுகூட நம்பவில்லையாம். அவரும் நிற்கட்டுமே, நல்ல மனுஷர்தானே என்றானாம். ஓட்டு எண்ணி முடித்தபோது முதலாளிக்கு ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு, தம்பிக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று. பழைய பழுப்பு ஏறக்குறைய முழுசாக அவனுக்குத்தான் போட்டிருந்தது. அது அவனுக்கு இன்னும் வலித்திருக்க வேண்டும்.

புகார் கொடுத்தான். விசாரணை நாளன்று தேர்தல் அதிகாரி கட்டுக்கட்டாகப் படிவங்களை எடுத்து மேஜையில் வைத்தார். அவர் கெட்டவரும் இல்லை, அவசரக்காரரும் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"இவங்க மற்றவர்கள் இல்லைங்கிறீங்க?"

"இல்லைங்க. ஏமாத்து."

"'இவர் எங்களில் ஒருவர்'னு இதுல எழுதியிருக்கே. கீழ யார் கையெழுத்து?"

"என்னோடது."

"இது?"

"என்னோடதுதான்."

ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் படிவம். இருபது வரை கேட்டுவிட்டு அதிகாரி நிறுத்திக்கொண்டார். பதிவு எழுத்தர் என்ற முறையில் பதிவேடுகளோடு ஓரமாக நின்ற அக்கா, அந்தக் கட்டுகளின் வலது மூலையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளை யாரும் கேட்கவில்லை, கேட்காத இடத்தில் அவள் வாய் திறக்கவும் இல்லை. சொல்லியிருந்தால் தன் வீட்டு அடுப்பு அணைந்திருக்கும், தீர்ப்பு மாறியிருக்காது என்று அவள் பிறகு பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டாள். கணக்கு சரியாகத்தான் வந்தது. தூக்கம்தான் வரவில்லை.

'மற்றவர்கள்' உறுப்பினராகிவிட்ட மரக்கடை முதலாளி முதல் கூட்டத்திலேயே ஒரு திட்டம் கொண்டுவந்தார். தகரத் தெருவுக்கு இரண்டு லைன். மேற்குப் பக்கத்து லைன் நீலத்தில் பெயர் உள்ள வீடுகளுக்கு, கிழக்குப் பக்கத்து லைன் மஞ்சளில் பெயர் உள்ள வீடுகளுக்கு. பத்தும் பத்தும் ஒன்றும் சேர்ந்து இருபத்தொரு கையும் தூக்கின. அந்த மன்றம் ஒருமனதாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். இரண்டு லைனையும் பதிக்கும் வேலை தம்பிக்கே கிடைத்தது. வேறு யாருக்கு அந்தத் தெருவின் அடிமண் தெரியும்?

அடுத்த ஜன்னல் மாதம் வந்தது. தகரத் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முகம் பார்க்காமல் படிவம் நீட்டினார்கள், இருபது வீடு நீலம், இருபத்தொரு வீடு மஞ்சள். போன வருஷம் உள்ளே வந்தவர்களில் ஒருவரும் பழுப்பை விட்டுப் போகவில்லை. அடுத்த தேர்தலுக்கும் அவர்கள் வேண்டுமே.

மாதத்தின் கடைசி நாள், ஜன்னல் சாத்தப் பத்து நிமிஷம் இருக்கையில் தம்பி வந்தான். பேச்சுவார்த்தை நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. முழங்கை வரை மண் காய்ந்திருந்தது.

"எப்படி இருக்கா?" என்று கேட்டாள். அவன் மனைவியைத்தான் கேட்டாள்.

"இடது கால் இழுத்துக்கிச்சு. போன லாரிக்கு." படிவத்தை ஜன்னல் வழியே தள்ளினான். நீலப் படிவம். சாட்சிக்கான இடம் காலியாக இருந்தது.

"சாட்சி யாரு?"

"நீதான் நீலமாச்சே," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. "போடுக்கா. வீட்ல தண்ணி வரணும்."

பேனாவை எடுத்தாள். 'இவர் எங்களில் ஒருவர்' என்ற வரிக்குக் கீழே, ஒரே வயிற்றில் பிறந்தவனுக்கு, கையெழுத்துப் போட்டாள். பழுப்புப் பதிவேட்டை இழுத்து அவன் பெயரைத் தேடி அடித்தாள். தகரத் தெரு என்ற தலைப்பின் கீழ் அடிக்காத பெயர் ஒன்றும் மிச்சமில்லை. அவன் நின்று பார்க்கவில்லை, வேலை கிடக்கிறது என்று போய்விட்டான்.

முத்திரை குத்தி, கட்டில் சேர்க்கப் படிவத்தைத் தூக்கியபோதுதான் கவனித்தாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. தம்பிக்கு இத்தனை அழகாக எழுத வராது. குண்டூசி வலது மூலையில் குத்தியிருந்தது. பதினைந்து வருஷப் பழக்கத்தில் அதைப் பிடுங்கி இடது மூலைக்கு மாற்றப் போனவள், கையை எடுத்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்தினாள்.