கிளாலிக்கு அப்பால்

பெட்டிக்குள் சாரங்களை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். மகன் குகனேசன் தகப்பனைக் கேட்டான்:

"அப்பா, முல்லைத்தீவுப் பெடியன் ஒருத்தன்ரை இடத்தைப் பறிக்கவே என்னை அனுப்புறியள்?"

என் கணவர் சண்முகநாதன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிப்பித்தவர். பிறக்கிற இடம் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை எவ்வளவு தீர்மானிக்கிறது என்பதே அவருடைய ஆயுட்கால ஆராய்ச்சி. முல்லைத்தீவு போன்ற வன்னிப் பகுதிகளில், விஞ்ஞான ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் பஸ்சிலும் சைக்கிளிலும் போய்வந்தவர். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் அங்கே பல்கலைக்கழகம் புகத் தேவையான வெட்டுப்புள்ளி குறைவு. யாழ்ப்பாணத்தார் தங்கள் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய்ப் பரீட்சை எழுத வைப்பது களவு என்று கட்டுரை எழுதியவர். எங்கள் ஊர் இணுவிலில் சொந்தக்காரர் பாதிப்பேர் அதற்காகவே அவரோடு கதைப்பதில்லை.

ஆனால் 1991இல், மகனோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக இயக்கத்துக்குப் போகத் தொடங்கியபோது, அவரே முல்லைத்தீவில் தெரிந்த அதிபர் ஒருவரைப் பிடித்து அவருடைய பள்ளிக்கூடத்தில் மகனுக்கு இடம் எடுத்தார். இங்கே பரீட்சையில் தவறினால் இவனும் போய்விடுவான் என்ற பயம்.

"கம்பசுக்கு எடுபடாட்டி உனக்கு இஞ்சை என்ன இருக்கு, சொல்லு பாப்பம்?"

"உங்கடை கட்டுரையை ஊரிலை நான் ஒருத்தன்தான் வாசிச்சனான் போலை. எழுதினவரும் வாசிக்கேல்லை."

அவர் சிரிக்கவில்லை. "போய்ப் படி. உயிரோடை இருந்து என்னைப் பேசு."

யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையில் தரைப்பாதை அடைபட்டு, சனம் கிளாலிக் கடலைப் படகில் கடந்த காலம். 1993 தை மாதம் லீவுக்கு வரும்போது, அந்தக் கடலில் கடற்படையின் சூடுபட்ட படகொன்றில் அவனும் இருந்தான். சேர்ட்டைப் பார்த்துத்தான் பிள்ளையை அடையாளம் கண்டோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் அவர் திரும்பவும் விரிவுரைகளுக்குப் போகத் தொடங்கினார்.

ஆவணியில், சுன்னாகத்து வெங்காய வியாபாரி அருளம்பலம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் செத்தவீட்டுக்கும் வந்தவர். கதிரை நுனியில் இருந்தபடி, என் முகத்தைப் பாராமல், கேட்டார்:

"சேர், குறை நினையாதையுங்கோ. இவளைக் கிளாலிக்கு அங்காலை அனுப்பினால் எடுபடுவாளோ?"

நான் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றேன். களவு என்று இவர் கத்தட்டும். கடல் என்றாவது கத்தட்டும். என் கணவர் அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"என்ன படிக்கிறாய், பிள்ளை?"

"பயோ, சேர்."

"அங்கையெண்டால் எடுபடுவாள்."

"இஞ்சையெண்டால்?"

"இஞ்சையெண்டால் கஷ்டம்."

அருளம்பலம் எழுந்து சால்வையை உதறித் தோளில் போட்டார். பிள்ளை எழும்பவில்லை. மாலை போட்டிருந்த குகனேசனின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.