உத்தரத்தில் தொங்கிய கத்தி

கிரேலிஸ் தன் கத்தியைக் கயிற்றில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டதுமே ட்ரைன் தன் புருஷனைத்தான் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கத்தியை எவன் தொடுகிறானோ அவன் கிரேலிஸோடு மோதியாக வேண்டும். ஒருவன் முகம் கிழியும், சில சமயம் உயிரே போகும். படுபாவி, பட்டப்பகலில், அவளுடைய பீர்க்கடையில்தானா தொங்கவிட வேண்டும்!

அவள் புருஷன் யோரிஸின் கன்னத்தில் ஏற்கனவே ஒரு தழும்பு உண்டு. இனிமேல் அந்தக் கத்தியைத் தொடமாட்டேன் என்று பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். அவனும் பாவம், தலையைக் குனிந்து பீப்பாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கெடுத்தது ஹார்லெம் பட்டணத்திலிருந்து வந்திருந்த ஆள்தான். மூலையில் உட்கார்ந்து, குடிக்கிறவர்களைப் படம் வரைந்துகொண்டிருந்தார். வரைகோல் மழுங்கிவிட்டதாம். எழுந்து போய்க் கத்தியை இழுத்து எடுத்துச் சாவகாசமாகச் சீவ ஆரம்பித்தார்.

பக்கத்தில் இருந்தவர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

"வாங்க தொரை, வெளிய வாங்க" என்று கிரேலிஸ் அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கி ஒரு குத்து விட்டான். மூக்கு உடைந்தது, கத்தி கீழே விழுந்தது. காகிதமெல்லாம் ரத்தம்.

யோரிஸ் குறுக்கே வந்தான். "விடுறா அவர. பட்டணத்து ஆளு, அவருக்கென்ன தெரியும்?"

"அப்ப நீ வா. இல்லன்னா பொண்டாட்டி பாவாடைக்குள்ள போய் ஒளிஞ்சுக்க!"

யோரிஸ் கீழே கிடந்த கத்தியை எடுத்துவிட்டான். சத்தியமாவது மண்ணாவது! கிரேலிஸ் இடுப்பிலிருந்து இன்னொரு கத்தியை உருவினான்.

"ஏங்க, வேணாங்க! கீழ போடுங்க!"

யோரிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிரேலிஸால் போன வருஷம் மட்டும் இரண்டு பேரைப் புதைத்திருந்தார்கள். ட்ரைன் அடுப்பிலிருந்து இரும்பு இடுக்கியை உருவினாள். கிரேலிஸைத்தான் அடிக்கப்போகிறாள் என்று எல்லோரும் விலகினார்கள். அவனை அடித்தால் நாளைக்கே அவன் அண்ணன் தம்பிகள் வந்து நிற்பார்களே! ஓங்கி ஒரே போடு போட்டாள், புருஷனின் வலது மணிக்கட்டில். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

கை ஒடிந்தவனோடு மோதினால் கிரேலிஸுக்குத்தான் கேவலம். கீழே விழுந்த தன் கத்தியைப் பொறுக்கிக்கொண்டு, "நல்லா வாச்சாடா உனக்கு" என்று காறித் துப்பிவிட்டுப் போனான்.

யோரிஸ் தரையில் புரண்டு அவளைப் பச்சை பச்சையாகத் திட்டினான்.

"திட்டுங்க. திட்ட உசுரு இருக்குல்ல?" அழுதுகொண்டே துணியைக் கிழித்துக் கட்டினாள்.

படக்காரர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வேறு காகிதத்தில் அதைத்தான் வரைந்தார். ஹார்லெமில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், 'எவனோ அடித்துப்போட்ட புருஷனுக்கு எவ்வளவு பரிவாகக் கட்டுப் போடுகிறாள்!' என்று உச்சுக்கொட்டினார்களாம்.

கை கோணலாகத்தான் சேர்ந்தது. அதன்பிறகு யோரிஸால் கத்தி பிடிக்க முடியவில்லை. அவனுக்கு ரொட்டியை அறுத்துக் கொடுப்பதுகூட ட்ரைன்தான்.