கடலைக்காட்டு மின்வேலி

வக்கீல் எழிலரசி தோற்க வழியே இல்லாத வழக்கு அது. கம்பைநல்லூர் பக்கம் கடலை போட்டிருந்த மாது, காட்டுப்பன்றிக்குப் பயந்து வேலிக்கம்பியில் திருட்டுத்தனமாகக் கரண்ட் விட்டான்; விடியற்காலையில் பக்கத்துக் காட்டுக்காரர் தர்மன் அதில் சிக்கி இறந்தார். போலீஸ் சொன்னது இவ்வளவுதான். ஆனால் கம்பி கிடைக்கவில்லை. பார்த்ததாகச் சொன்ன ஒரே ஆளும் தருமபுரி கோர்ட்டில் சாட்சிக் கூண்டேறிப் பல்டி அடித்துவிட்டார்.

முதல் நாளே மாது அவளிடம் சொல்லியிருந்தான்.

"நான்தானுங்க மேடம் கரண்ட் வுட்டது. கம்பிய அவுத்துக் கெணத்துல போட்டுட்டேன்."

நிரூபிப்பது அரசுத் தரப்பின் பாடு, பொய் சொல்லாமல் வாதாடுவது தன் பாடு என்றுதான் எழிலரசி அவன் வழக்கை எடுத்தாள்.

கடைசி சாட்சி தர்மனின் மனைவி முனியம்மாள்.

"உங்க வீட்டுக்காரர் எப்படி இறந்தாருன்னு கண்ணால பாத்தீங்களாம்மா?" என்று கேட்டாள் எழிலரசி.

"இல்லீங்க."

அவ்வளவு போதும். எழிலரசி உட்கார்ந்தாள். முனியம்மாள் இறங்கவில்லை. நீதிபதியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"அய்யா, யாருக்கும் தண்டன குடுக்காட்டியும் போவுதுங்க. கடல திருடப் போயித்தான் செத்தாருன்னு ஊர்ல பேசறாங்க. எம் பொண்ணு பள்ளிக்கூடம் போவவே மாட்டேங்கறா. அவரு எங்க மோட்டாரப் போடத்தானுங்க போனாரு. அத மட்டும் எழுதிக்கோங்க."

அப்போது குற்றவாளிக் கூண்டிலிருந்து மாதுவின் குரல் வந்தது.

"அவரு திருடலீங்கய்யா. வரப்பு மேலதான் கெடந்தாரு. கரண்ட் வுட்டது நானுங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். கட்சிக்காரரிடம் பேசிவிட்டு வரச்சொல்லி எழிலரசிக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்.

வராந்தாவில் அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். "இதோட நிறுத்திக்கிட்டா இன்னும் வழி இருக்கு மாது. ஒத்துக்கிட்டா ஜெயில்தான்."

"வூட்டுக்குப் போனாலும் அந்த வரப்புலதானுங்க நடக்கணும்." மாது ஓரடி நெருங்கி வந்தான். "நீங்க மட்டும் வுட்டுட்டுப் போயிடாதீங்க மேடம்."

அவள் விடவில்லை. கம்பி கிடந்த கிணற்றை மாதுவே காட்டிக்கொடுத்ததையும், யாரையும் கொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லாததையும் சொல்லி இரண்டு நாள் நின்று வாதாடினாள். பத்து வருஷம் கேட்டது அரசுத் தரப்பு. நீதிபதி இரண்டு வருஷம் கொடுத்தார்.

போலீஸ் வேனில் ஏறும்போது மாது அவளைப் பார்த்துக் கும்பிட்டான். "உங்களால ரெண்டு வருஷத்தோட போச்சுங்க மேடம்." அவளும் கும்பிட்டாள். அவன் வாய் திறக்காமல் அவள் ஜெயித்திருந்தால் என்றென்றைக்கும் உறுத்தியிருக்கும். அதிலிருந்து தன்னைக் காப்பாற்றியவன் அவன் என்று அவளுக்குத் தெரிந்தது.

வேன் கிளம்பியதும் முனியம்மாள் தயங்கியபடி வந்தாள். "எம் பொண்ணுக்குத் தீர்ப்புல ஒரு காப்பி கெடைக்குமாங்க?"

பத்து நாளில் நகல் கிடைத்தது. எழிலரசியே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தர்மன் தன் காட்டு மோட்டாரைப் போடப் போனவர், எந்தத் தவறும் செய்யாதவர் என்று எழுதியிருந்த இடத்தை அந்தப் பெண் சத்தமாகப் படித்தாள்.

"நல்லா இருப்பீங்கம்மா," என்று எழிலரசியின் கையைப் பிடித்துக்கொண்ட முனியம்மாள், மகளிடம் திரும்பினாள்.

"இன்னொருக்கா படி சாமி."