கேட்டாச்சா

என் மனைவி தற்கொலை செய்துகொள்ளவில்லை. வங்கியில் முகவரி மாற்றக் காத்திருந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சொல்ல வேண்டிய இடத்தில் இதைச் சொல்லாமல் விட்டேன். அதனால்தான் இங்கே முதலில் வைக்கிறேன்.

அவள் போன பிறகு, புது வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை. பாதிப் பெட்டிகள் பிரிக்காமல் கிடந்தன. அலுவலகம் முடிந்தால் எங்காவது நடப்பேன். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பல் மருத்துவமனை. அதன் மாடியில் ஒரு பலகை: ‘பேச வேண்டுமா? மேலே வாருங்கள்.’ ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஏறினேன். படிக்கட்டில் விளக்கு எரியவில்லை. தடவித் தடவித்தான் ஏற வேண்டியிருந்தது.

மேலே ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைப் பார்த்ததும், “பல்லா, மனசா?” என்றார். பல் வலிக்காரர்கள் மாடி தவறி வருவது அங்கே வழக்கம்.

“மனசு.”

“உக்காருங்க. யாரை இழந்தீங்க?”

“மனைவியை.”

எப்படி என்று அவர் கேட்கவில்லை. அந்த அறையில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை. தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், துருவ மாட்டார்கள். வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றைக் காட்டினார். அது தற்கொலையில் உறவை இழந்தவர்கள் கூடும் நேரம் என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. எழுந்து போயிருக்கலாம். யாரோ கையில் டீயைக் கொடுத்துவிட்டார்கள். குடித்து முடிக்கும்வரை இருப்போம் என்று இருந்தேன். அடுத்த வாரமும் போனேன்.

பிறகு தன்னார்வலன் ஆனேன். தொலைபேசியில் பேசப் பழகினேன். என் குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது. உள்ளே எதுவும் அசையாததால் வந்த குரல் அது. அதை அவர்கள் நிதானம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு பேருந்து நிறுவனத்தில் தற்கொலைத் தடுப்பு பற்றிப் பேசப் போனபோது சிஸ்டர் என்னை அறிமுகம் செய்தார்: “இதே இழப்பை அனுபவிச்சு எழுந்து வந்தவர்.” கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. நான் மைக்கைச் சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்தேன். அன்று நான் சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு கனம் இருந்தது. அந்தக் கனம் எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நாளில் தன்னார்வலர்களுக்கெல்லாம் என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் நான்தான். பயிற்சியின் முக்கால் பங்கு ஒரே ஒரு கேள்விதான். எதிரில் இருப்பவர் மீது சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்கக் கூடாது. ‘தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறீர்களா?’ என்று அந்தச் சொல்லைச் சொல்லியே கேட்க வேண்டும். கேட்பதால் யாருக்கும் புதிதாக அந்த எண்ணம் வந்துவிடாது. இருப்பவருக்கு அதை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கும். சொல்லிக்கொடுக்க எளிது. வாயில்தான் வராது.

“உங்களுக்கு ஏதாவது தப்பான எண்ணம் வருதா?” என்று ஒரு பெண் கேட்டுப் பார்த்தாள்.

“என்ன தப்பான எண்ணம்? பக்கத்து வீட்டு சைக்கிளைத் திருடறதா?” என்றார் சிஸ்டர். “அந்த வார்த்தையைச் சொல்லும்மா. கடிக்காது.”

ஒவ்வொருவரையும் பற்றி சிஸ்டர் எங்களிடம் கேட்பதும் ஒரே வார்த்தைதான்: “கேட்டாச்சா?”

லிஃப்ட் மெக்கானிக் எங்களிடம் வந்தது மழைக்காலத்தில். அவருடைய மனைவி தற்கொலை செய்துகொண்டு சில மாதங்கள் ஆகியிருந்தன. மகளைத் தங்கை வீட்டில் விட்டிருந்தார். வந்த அன்றே என் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு என்னைத் தவிர யாரிடமும் பேசவில்லை.

“இந்த மாடிப்படி லைட்டை நான் போட்டுத் தரேன், தம்பி. ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டறேன், உங்களுக்கு ஒரு பல்பு மாட்ட மாட்டேனா?” என்பார். ஒவ்வொரு வாரமும் சொல்வார். மாட்ட மாட்டார்.

“சிஸ்டர்கிட்டயும் பேசுங்கண்ணே. என்னைவிட அனுபவசாலி.”

“சிஸ்டர் தங்கமானவங்க. ஆனா கரையில நின்னு கயிறு போடறாங்க. நீங்க என்கூடத் தண்ணிக்குள்ள நிக்கறீங்க. யார் சொன்னா கேப்பேன், சொல்லுங்க.”

ஒரு நாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். மனைவியின் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, இனிமேல் உள்ளே என்ன ஆகியிருக்குமோ என்று பயந்துகொண்டே வீட்டுக் கதவைத் திறக்க வேண்டியதில்லை என்று ஒரு கணம் தோன்றியதாம். அந்த ஒரு கணத்துக்காகத் தனக்கு எந்தத் தண்டனையும் போதாது என்றார். “இதை என் தங்கச்சிகிட்டகூடச் சொல்லல. உங்களுக்குத்தான் புரியும்.”

எனக்குப் புரியவில்லை. தலையாட்டினேன்.

அப்போதே கேட்டிருக்க வேண்டும். பயிற்சி வகுப்பாக இருந்தால், இந்த இடத்தில் கேட்காதவரை நான் எழுப்பி நிறுத்தியிருப்பேன். ஆனால் கேட்டால், அவர் என்னைத் திருப்பிக் கேட்பார். உங்களுக்கு அப்படித் தோணுச்சா, தம்பி? உங்க வீட்டுக்காரம்மா போன அன்னைக்கு என்ன ஆச்சு? அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று தெரியும்.

கூட்டம் கலைந்த பிறகு சிஸ்டர் டம்ளர்களைக் கழுவியபடியே, “மெக்கானிக்கிட்ட கேட்டாச்சா?” என்றார்.

“கேட்டாச்சு.”

“என்ன சொன்னார்?”

“அப்படியெல்லாம் இல்லையாம்.”

அவர் என்னை நம்பினார். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் நான் கொடுத்ததில்லை.

பிறகு என் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. நாங்கள் பேசப் போன அதே பேருந்து நிறுவனத்தில்தான் வேலை. அன்று அவனுக்கு வேறு நேரத்தில் பணி. யாரோ அவனிடம் துக்கம் விசாரித்திருக்கிறார்கள். தொலைபேசி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

“மாமா, எங்க அக்கா எப்படிச் செத்தா?”

“உட்காரு.”

“உக்கார வரல. கேன்டீன்ல ஒருத்தர் என் தோளைத் தட்டி, ‘உங்க அக்கா இப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்க வேணாம்ப்பா’ங்கறார். என் கையில சாப்பாட்டுத் தட்டு. எந்த முடிவு மாமா? பேங்க்ல நம்பர் கூப்பிடறதுக்குக் காத்திருந்ததா?”

“நான் அப்படிச் சொல்லலடா.”

“நீங்க எதைத்தான் சொல்வீங்க? கல்யாணத்தன்னைக்கே வாயைத் திறக்கல. அக்காதான் உங்களுக்கும் சேர்த்துப் பேசினா. செருப்பு ஒரு சைஸ் பெரிசுன்னு மாத்தறதுக்கு எடுத்து வச்சிருந்தாளே, மாமா. சாகணும்னு நினைக்கிறவ செருப்பு மாத்துவாளா?”

அந்தச் செருப்பு இன்னும் பையோடு கதவோரம்தான் இருக்கிறது. சாக நினைப்பவர்களும் செருப்பு மாற்றுவார்கள், பல்லுக்கு மருந்து வாங்குவார்கள் என்பது அந்த அறையில் நான் கற்றது. ஆனால் அவள் அப்படி நினைக்கவில்லை. அவள் என்னை விட்டுப் போக நினைத்தவள் என்று ஊரே நம்பும்படி செய்திருக்கிறேன். அவள் எதிர்த்துப் பேச முடியாது. பேச முடிந்திருந்தால் நன்றாகப் பேசியிருப்பாள்.

“அம்மா காதுக்கு இன்னும் போகல. நீங்களே எல்லார்கிட்டயும் சொல்றீங்களா, இல்ல நான் வந்து சொல்லட்டுமா?”

“நான் சொல்றேன்.”

“எப்ப?”

“சனிக்கிழமை.”

முதலில் மெக்கானிக்கிடம் சொல்வது, பிறகு மற்றவர்களிடம் என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை படிக்கட்டில் விளக்கு எரிந்தது. மேலே மெக்கானிக் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. சிஸ்டர் உள்ளறையில் தொலைபேசியில் இருந்தார்.

“லைட்டு போட்டாச்சு, பாத்தீங்களா? சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டேன்.” பையிலிருந்து தன் டார்ச்சை எடுத்து என் மடியில் வைத்தார். லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது அவர் கொண்டுபோகும் கனமான டார்ச். “இதையும் வச்சுக்குங்க. பல்பு நம்ம ஜாதகம் மாதிரி, எப்பப் போகும்னு சொல்ல முடியாது.”

“வேலைக்கு வேணாமாண்ணே?”

“வேணாம் தம்பி. கையில இருந்த வேலையெல்லாம் முடிச்சுட்டேன்.” சிரித்தார். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க வீட்டுக்காரம்மா மேல உங்களுக்குக் கோபம் வந்துச்சா? விட்டுட்டுப் போயிட்டாளேன்னு? அது எப்பத்தான் போகும்? போகுமா?”

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். என்னிடம் ஒரு பதில் இருக்கும் என்று உண்மையாகவே நம்பினார். ‘போகும்’ என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

“எனக்குத் தெரியாதுண்ணே. என் மனைவி அப்படிச் சாகல.”

“எப்படி?”

“மூளையில ரத்தம் கசிஞ்சு செத்தா. வேற யாரும் காரணமில்ல. நான்தான் சொல்லாம இருந்துட்டேன்.”

அவர் மெல்லக் கேட்டார். “அப்ப, நான் சொன்னதெல்லாம்?”

“நான் காது கொடுத்துக் கேட்டது நிஜம்.”

“யாரு கேட்டது?” எழுந்தார். “சினிமா பாக்கற மாதிரி பாத்துக்கிட்டு உக்காந்திருந்தியா?”

கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். என் மடியில் டார்ச் இருந்தது. அப்போதுதான் அதைப் பார்த்தேன். மழித்த முகம், முடித்த வேலைகள், கொடுத்த பொருள். தற்கொலைக்கு முடிவெடுத்தவரின் அறிகுறிகள் என்று வகுப்பில் இதே வரிசையில் நான் சொல்லிக்கொடுப்பவை.

“சிஸ்டர்!” என்று கத்திவிட்டு ஓடினேன்.

அவர் பாதிப் படியில் இருந்தார். சொன்ன மாதிரியே பல்பு போயிருந்தது. அவர் மாட்டியதில் பிழை இருக்காது, பழைய வயரிங். இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் டார்ச்சைப் போட்டேன்.

எனக்கு இனி கேட்க என்ன உரிமை என்று தோன்றியது. இருந்தும் கேட்டேன்.

“அண்ணே, தற்கொலை பண்ணிக்கலாம்னு இருக்கீங்களா?”

அவர் திரும்பவில்லை. கீழே பல் மருத்துவமனையில் இயந்திரம் கிர்ரென்று ஓடி நின்றது.

“இத்தனை நாள் பக்கத்துலயே உக்காந்திருந்த. ஏன் கேக்கல?”

“கேட்டா நீங்க என்னைக் கேப்பீங்கன்னு பயம்.”

“ம்.” படியில் உட்கார்ந்தார். “ஆமா,” என்றார். “இன்னைக்குத்தான்னு இருந்தேன்.”

நான் இரண்டு படி இறங்கினேன். கையை நீட்டித் தடுத்தார்.

“நீ வேணாம். சிஸ்டரை வரச் சொல்லு.”

சிஸ்டர் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அவருக்கு முட்டி வலி. ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்குக் கேட்டாச்சுன்னு சொன்னீங்களே?”

“இப்பத்தான் கேட்டேன், சிஸ்டர்.”

அவர் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்து இறங்கினார். நான் வெளிச்சம் காட்டினேன். அது மெக்கானிக்கின் முகத்தில் போய் விழுந்தது.

“மூஞ்சியில அடிக்காதய்யா,” என்றார் மெக்கானிக். “படியில அடி. அந்தம்மா விழுந்துடப் போறாங்க.”

சிஸ்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். மெக்கானிக்கின் தங்கையை வரவழைத்தார். மூவருமாக மருத்துவமனைக்குப் போனார்கள். அதுவரை நான் மேல்படியில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றே கூட்டத்துக்கு வந்தவர்களிடம் சொன்னேன். ஒரு பெண் எழுந்து வேறு நாற்காலிக்குப் போனாள். மச்சானோடு போய் அத்தையிடமும் சொன்னேன். அத்தை அழவில்லை. “அவ உங்களை எப்பவாவது குறை சொன்னாளா?” என்று மட்டும் கேட்டார். பேருந்து நிறுவனத்துக்குப் போய் அதே மைக்கில் திருத்திச் சொன்னேன். மச்சான் கடைசி வரிசையில் நின்று கேட்டான். பொறுப்பிலிருந்தும் தொலைபேசியிலிருந்தும் என்னை விலக்கினார்கள். நாற்காலி போடுவதும் டம்ளர் கழுவுவதும் இப்போது என் வேலை. சனிக்கிழமைகளில் மட்டும் வரக் கூடாது. மெக்கானிக் வரும் நாள் அது.

போன வாரம் நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார்.

“மெக்கானிக் டார்ச்சைத் திருப்பித் தரச் சொன்னார். திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்குப் போறாராம்.”

“நானே கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா?”

“என்கிட்டக் கொடுக்கச் சொன்னார்.”

கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து வந்தேன். பேட்டரி தீர்ந்திருந்தது. கீழே போய்ப் புதிது வாங்கிப் போட்டு, ஒருமுறை எரிகிறதா என்று பார்த்துவிட்டு சிஸ்டர் கையில் கொடுத்தேன்.