ஜெயபாலுக்கு எழுதிய விடுதலைப் பத்திரம்

என் தகப்பனாரின் பெயரைச் சொல்லி, "செத்துப்போச்சு" என்று ஒருவன் கத்தியதை நான் என் காதால் கேட்டேன். 1993-ஆம் வருடம் ஆகஸ்டு மாதம், அம்பத்தூர் தொழிற்பேட்டையில், பரந்தாமன் என்பவரின் கம்பெனியில்.

அங்கேதான் என் மகன் இக்னேஷியஸ் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். எட்டு மாதமாக ஏதோ புதிதாகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட வராமல், வீட்டிலும் ஒரு பழைய பெட்டியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். முடிந்ததும், "ஒரு நாள் வந்து பாருங்கப்பா" என்றான். கொரட்டூரில் ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்தேன்.

வாசலில் எண்ணெய்ச் சேறு. மாடிப்படியின் மூலை ஒவ்வொன்றிலும் வெற்றிலை துப்பியிருந்தார்கள். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். நீண்ட அறை, பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றையும் ஒரே கறுப்புக் கம்பியில் இணைத்திருந்தார்கள். ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் துலுக்கானம் என்ற ஆள், கம்ப்யூட்டரின் முன்னால் இருந்த சுசீலா என்ற பெண்ணிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா சுசீலா, ஜெயபாலு இன்னும் வர்ல? பார்ட்டி கீய குந்திகினு கீறாரு."

"அப்பவே அனுப்பிட்டேன் அண்ணாத்தே. மூணாவது மிஷினாண்ட நின்னுகினு நவுர மாட்டேங்குது."

"அப்ப செத்துப்போச்சு! பொடனில ஒண்ணு குடுத்து எய்ப்பு. நேத்து இன்னாமா மோப்பம் புடிச்சிகினு வந்துச்சு!"

அறை முழுவதும் சிரித்தது. என் மகனும் சிரித்தபடியே எதிரே வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றான்.

"தாத்தா பேரத்தான்பா வச்சிருக்கேன்" என்றான்.

என் தகப்பனார் உபதேசியார் ஜெயபால். பாரிவாக்கத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் நாற்பது வருடம் நடந்தே போய் ஞானோபதேசம் சொன்னவர். கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகள் எழுத்துக் கற்றது அவரிடம்தான். அவர் தெருவில் வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். நாங்கள் யாரும் வீட்டில்கூட அவர் பெயரைச் சொன்னதில்லை.

இக்னேஷியஸ் அவசரமாக விளக்கினான். ஆயிரக்கணக்கான வரைபடங்களும் கடிதங்களும் பன்னிரண்டு பெட்டிகளில் சிதறிக் கிடக்குமாம். ஒன்றைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகுமாம். இவன் செய்த ஜெயபால் என்ற புரோகிராம் எல்லாவற்றையும் முன்னதாகவே படித்து, எந்தச் சொல் எந்தப் பெட்டியில் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுமாம். பிறகு கேட்டால் பட்டியலை மட்டும் பார்க்கும், நாலு நொடி.

"உங்க பத்திர ஆபீஸ்ல வில்லங்கம் பாக்க இண்டெக்ஸ் புத்தகம் வச்சிருப்பீங்களேப்பா, அதே யோசனைதான். சின்ன வயசுல பாத்தது."

அதை நான் காதில் வாங்கவில்லை. என் தகப்பனாரை நாயாக்கி மோப்பம் பிடிக்க விட்டிருக்கிறான். அது மட்டும்தான் எனக்குக் கேட்டது. நேரே பரந்தாமனின் அறைக்குப் போனேன்.

அவர் வரைபடத் தாளின் மேலேயே சாம்பார் வடையை வைத்துத் தின்றுகொண்டிருந்தார். விரல்களை ஒவ்வொன்றாக நக்கியபடியே நான் சொன்னதைக் கேட்டார்.

"நியாயம்தான் பெரியவரே. பேர எடுத்துடலாம். குடும்பத்துக்கு இஷ்டமில்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

நான் ஒரு வரி எழுதுகிறவன் அல்ல. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் இருந்து, ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்றவன். முழுநீளத் தாள் கேட்டு வாங்கினேன். 'மேற்படி கம்ப்யூட்டர் புரோகிராமில் எனக்கோ, என் குடும்பத்தாருக்கோ, என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை. இனி எக்காலத்திலும் கோரப்போவதுமில்லை' என்று, விடுதலைப் பத்திரத்தில் எழுதுவது போலவே, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, பால்ராஜ் என்று கையெழுத்திட்டேன். சாட்சிக்கு என் மகனையும் துலுக்கானத்தையும் கூப்பிட்டேன். என் மகன் தாளைப் படித்தான், முகம் மாறியது.

"அப்பா, இது பேரப் பத்தி மட்டும் இல்லயே. பாத்தியம்னா மொத்த உரிமையும்..."

"எனக்கே பத்திரம் எழுதக் கற்றுத்தருகிறாயா? போடு கையெழுத்தை."

போட்டான். துலுக்கானம், "எங்க நைனா போடணும்?" என்று கேட்டு இரண்டாவது சாட்சியாகப் போட்டான். பரந்தாமன் கைக்குட்டையால் விரல்களை நன்றாகத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். அதை நான் மரியாதை என்று எண்ணினேன்.

டிசம்பரில், கிறிஸ்துமசுக்கு வீடு வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி லூர்தம்மாள் கதவருகே வந்து நின்றாள்.

"ஏங்க, அவன் மூணு நாளா சரியா சாப்பிடல. ஆவடியில ஏதோ பெரிய ஃபேக்டரியாம், எரநூறு கம்ப்யூட்டராம். இவன் செஞ்சத அங்க வாங்கப் போறாங்களாம். செஞ்சவனையே பொறுப்பா வச்சிக்கிறோம்னும் சொன்னாங்களாம். இப்ப செஞ்சது நான்தான்னு அந்தப் பரந்தாமன் நோட்டீஸ் அடிச்சிட்டான்."

"இவன் வாயில்லாமல் இருந்தானா?"

"கேட்டிருக்கான். நீங்க எழுதின காயிதத்தக் காட்டி வாய அடைச்சிட்டான். பெத்தவனும் கையெழுத்து, புள்ளையும் கையெழுத்துன்னு. எட்டு மாசம் ராப்பகலா கஷ்டப்பட்டது அவன். எழுதிக் குடுத்தது நீங்க."

அவள் என்னிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

மறுநாளே பரந்தாமனைப் போய்ப் பார்த்தேன். காப்பி வரவழைத்தார். நான் தொடவில்லை.

"நான் ஒரு வரிதானே கேட்டேன் சார்? மிச்சமெல்லாம் நீங்களா எழுதினது. எங்க வக்கீலே பாத்துட்டு, இத எழுதினவர் கையில மோதிரம் போடணும்னாரு."

தாளைத் தூரத்தில் வைத்துக் காட்டினார். குண்டு குண்டான என் எழுத்து. ஒரு சொல்லைக்கூட அவர் மாற்றியிருக்கவில்லை. மாற்றியிருந்தால் போலீசுக்குப் போயிருப்பேன். அந்த மனிதரின் எண்ணெய்ச் சிரிப்பு எனக்குக் குமட்டியது. அதைவிட அதிகமாகக் குமட்டியது அந்த எழுத்தின் அழகு.

வீட்டுக்கு வந்து இக்னேஷியஸிடம், "நாளை ஆவடிக்குப் போகிறோம்" என்றேன்.

"போய் என்னப்பா சொல்லப் போறீங்க?"

எனக்கே தெரியவில்லை. ரயிலில் திருமுல்லைவாயில் தாண்டும்போது ஒரு வழி தோன்றியது, மறைப்பானேன். பரந்தாமன் மிரட்டி எழுதி வாங்கினார் என்று சொல்லிவிடலாம். துலுக்கானமும் முதலாளிமேல் கடுப்பில் இருப்பவன். கேட்டால் ஆமாம் என்பான். என் மானம் பிழைக்கும். உபதேசியார் மகன் பொய் சொல்லி மானம் காப்பதை நினைத்ததும் வாய் கசந்தது.

கொள்முதல் அதிகாரியின் பெயர் செங்கல்வராயன். எங்கள் இருவரையும் அவர் உட்காரச் சொல்லவில்லை. பரந்தாமன் கொடுத்திருந்த நகலை எடுத்து மேசையில் போட்டார்.

"இது உங்க எழுத்தா?"

"என் எழுத்து."

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்லை."

"என்ன உத்தியோகம் பாத்தீங்க?"

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். "முப்பத்துநாலு வருஷம் ஊர் ஜனத்தோட பத்திரத்தப் பாத்தவரு. நீங்களே எழுதினத, அர்த்தம் தெரியாம எழுதினேன்னு சொல்ல வந்திருக்கீங்களா?"

டைப் அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாம்" என்றேன். "பாத்தியம் என்ற சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியும். எதற்குப் பாத்தியம் என்பதுதான் தெரியாது. என் தகப்பன் பெயரைப் பற்றிய கோபத்தில் எழுதினேன். இவன் செய்தது என்னவென்று நான் கேட்கவில்லை. சொல்ல வந்தான், வாயை அடைத்தேன். கையெழுத்துப் போட வைத்ததும் நான்தான். செய்தவன் இவன்."

பின்னால் ஒருவன், "பெருசு நல்லா கவுந்துகீதுபா" என்றான். ஒரு பெண் சிரிப்பை அடக்கினாள்.

செங்கல்வராயன் சிரிக்கவில்லை. "அதை அப்படியே எழுதிக் குடுங்க" என்று ஒரு தாளைத் தள்ளினார். குனிந்து, மேசை விளிம்பில் வைத்து எழுதினேன். 'அறியாமையால்' என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா சற்று நின்றது. எழுதினேன்.

அவர் அதைப் படித்துவிட்டு, "வாப்பா" என்று இக்னேஷியஸை ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்காரவைத்தார். "உள்ள எந்த எடத்துல என்ன பண்ணியிருக்கன்னு சொல்லு."

அவன் சொல்ல ஆரம்பித்தான். சொல்லச் சொல்ல நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். அதிகாரி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் கழித்து, மேசைமேல் இருந்த கொள்முதல் உத்தரவை எடுத்து, கையெழுத்துப் போடாமலே இழுப்பறைக்குள் வைத்தார். "செஞ்சவன் பேர் இல்லாம இது இங்க வராது" என்றார்.

மகன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் அந்த நகலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர்கள் மறுபடி பேசத் தொடங்கினார்கள். எனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை.