செவ்வாய்க்கிழமை நாய்

லிஃப்ட் மெக்கானிக் பேச்சை நிறுத்தி ஏழு மாதம் ஆகியிருந்தது. லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டே மேலே இருப்பவர்களைச் சிரிக்க வைக்கிற மனுஷன், ஒருநாள் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, மருந்தை மூன்று தடவை மாற்றினார்கள். தலைக்கு மின்சாரமும் வைத்துப் பார்த்தார்கள். எதைக் கேட்டாலும் ஒரு 'ம்'. அதுவும் மனைவிக்குக் கிடைத்தால் அன்றைக்கு யோகம்தான்.

கடைசியாக மருத்துவர், நோயாளிகளைத் தேற்றுவதற்கென்றே பழக்கிய ஒரு நாயை வரச் சொன்னார். செவ்வாய்தோறும் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் அதைக் கூட்டிவருவார். நரைத்த மூஞ்சி, நோட்டுத் திருத்துகிற பார்வை. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அது 'வாத்தியார்'.

முதல் வாரம் அது அவர் முழங்காலில் தாடையை வைத்தது. அவர் சுவரையே பார்த்தார். மூன்றாம் வாரம் அவர் விரல் ஒன்று அதன் காதோரம் அசைந்தது. தையல் கம்பெனியில் பாதி நாள் லீவு சொல்லி வந்திருந்த மனைவி வராந்தாவுக்கு ஓடினாள். மகளுக்குப் போன் போட்டு, "அப்பா தொட்டாருடீ" என்றாள்.

ஐந்தாம் வாரம் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தாள். பாதி திறந்த கதவருகே நின்ற நர்ஸம்மா உதட்டில் விரல் வைத்தார். உள்ளே கணவரின் குரல்.

"நீ நல்ல பிள்ளை. இன்னும் ரெண்டு மூணு நாள்தான். அப்புறம் என்னைத் தேடிக்கிட்டு வராத, என்ன?"

அவள் மருத்துவரிடம் ஓடினாள். அப்போதே அவரைக் கண்காணிப்பு அறைக்கு மாற்றினார்கள். மெத்தையை உதறியபோது அவர் ஒளித்து வைத்திருந்தது கிடைத்தது. அதை அவளுக்குக் காட்டவில்லை.

"நாய்கிட்ட சொன்னதாலதாம்மா நமக்குத் தெரிஞ்சுது" என்றார் மருத்துவர். "அதை நல்லதா எடுத்துக்கங்க."

எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியாமல் அவள் உள்ளே போனாள். அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நீதான் சொன்னியா?"

"ஆமாங்க."

"அதுகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"என் காதுலயும் விழுந்துருச்சுங்க. கேக்காத மாதிரி எப்படி இருக்கறது?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் வாத்தியார் வந்தபோது அவர் கண்ணைத் திறக்கவில்லை. கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் நர்ஸம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இந்த நேரத்தை வேற யாருக்காவது குடுத்துரலாமாம்மா?"

அவள் தலையாட்டினாள். நாய் அடுத்த அறைக்குப் போனது. அங்கே யாரோ சிரிப்பது கேட்டது. அவள் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்தபடி, பார்வையாளர் நேரம் முடிந்து வெளியே போகச் சொல்லும்வரை உட்கார்ந்திருந்தாள்.